அறுபத்து நாலுக்கும் எண்பத்தொன்றுக்கும் நடுவே

மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறாள் அன்னப்பூரணி. நீண்ட மேசை. அதன் விளிம்பை ஒட்டி மடித்த தாள்கள் கட்டுக் கட்டாக வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றை வலக்கையால் எடுத்து இடக்கையில் ஏந்திக்கொண்டு போவாள். ஒரு சுற்று முடிந்தால் ஒரு புத்தகம். தாள் பிரிக்க விரலில் எச்சில் தொடுவதில்லை. பழைய சவர்க்காரப் பெட்டியொன்றில் ஈரப் பஞ்சு வைத்திருக்கிறாள். “சனம் மடியில வெச்சு வாசிக்கிற சாமான். நம்மட எச்சில் என்னத்துக்கு?” என்பாள்.

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பினால், இரும்புக் கடை ஒன்றின் பின்பக்கத்தில் அழகரத்தினத்தின் அச்சகம். கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், முப்பத்தோராம் நாள் நினைவுமலர், கம்பஸ் பிள்ளைகளின் ஆய்வேடு, இவற்றுக்கு இடையில் வருடத்துக்கு நாலைந்து கதைப் புத்தகம். அச்சடிப்பது இயந்திரம். மடிப்பதும் அடுக்குவதும் தைப்பதும் அன்னப்பூரணி. மடிப்பை அழுத்த அவளிடம் இருப்பது கிண்ணம் கழன்றுபோன சோற்றுக்கரண்டியின் காம்பு. அதை ஒருத்தரும் தொட முடியாது. அழகரத்தினம் ஒருநாள் அதால் முதுகு சொறிந்துவிட்டார் என்று இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

எல்லாவற்றையும் பதினாறு பதினாறாக எண்ணுவது அவளுடைய வழக்கம். ஒரு பெரிய தாளில் இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு பக்கம் அச்சாகும். அதை மூன்று தரம் மடித்தால் பக்கங்கள் ஒழுங்காக விழும். அப்படி ஒரு மடிப்பு, அதற்கு மேல் இன்னொரு மடிப்பு என்று சேர்ந்துதான் புத்தகம் ஆகிறது. இருபத்திரண்டு வருடம் இதையே செய்த கைக்கு வேறு கணக்கு வராது. வாக்காளர் இடாப்புப் பதிய வந்த பெண்பிள்ளை வயதைக் கேட்டபோது, “மூணு பதினாறும் ஆறும்” என்றாள். அந்தப் பிள்ளை பேனையைத் தூக்கிப் பிடித்தபடி விழித்தது.

மடிக்காத தாளில் ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினாறாம் பக்கம் கிடக்கும். எட்டாம் பக்கம் தலைகீழாக நிற்கும். அன்னப்பூரணி அதையெல்லாம் அப்படியே வாசிப்பாள். ஓலெவலோடு நின்ற படிப்பு. எழுத்து தலைகீழாக நின்றாலும் அவளுக்கு ஒன்றுதான், கதையில் கலியாணம் முடிந்த பிறகு மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தாலும் ஒன்றுதான். அச்சகத்துக்கு வந்த ஒரு கதையையும் அவள் வாசிக்காமல் மடித்ததில்லை. மடித்த எல்லாவற்றின் மீதும் அவளுக்கு ஒரு தீர்ப்பு உண்டு. “இது இருநூத்தி எம்பது பக்கம். ஒருத்தனும் ஒரு வாய் சோறு தின்னல்ல. குடிச்சுக் குடிச்சு யோசிக்கிறானுகள்.” இன்னொன்றுக்கு, “பொம்பிளை அழுறாள், அழுறாள். மூக்குச் சிந்தினதா ஒரு இடத்திலயும் இல்ல.”

கோபம் வந்தால் அவளுடைய குரல் உயராது. கரண்டிக் காம்பு தாளில் இழுபடும் சத்தம் மட்டும் கூடும். இந்த மாதம் முழுவதும் அந்தச் சத்தம் இரும்புக் கடை வரைக்கும் கேட்டது.

காரணம், இப்போது அவள் அடுக்கிக்கொண்டிருக்கும் இந்தப் புத்தகம். பெயர் ‘முப்பத்தாறு நாவல்களும் நானும்’. எழுதியவர் உதயரூபன். கரடியனாற்றில் பிறந்து, கொழும்பில் குடியிருந்து, நாலு நாவலால் பெரிய பெயர் எடுத்தவர். கடைசிப் பத்து வருடமாக நாவலை விட்டுவிட்டு, மற்றவர்களின் நாவல்களைப் பற்றி வாரப் பத்திரிகையில் எழுதுகிறார். அவர் நல்லது என்றால் அந்தப் புத்தகம் விற்கும். அவர் உதட்டைப் பிதுக்கினால் எழுதியவர் வீட்டுக்குள் போய்விடுவார். அந்தக் கட்டுரைகளின் தொகுப்புத்தான் இது.

நல்லதையும் சொல்ல வேண்டும். அவருடைய முதல் நாவலை மடிக்கும்போது அன்னப்பூரணி அழுதிருக்கிறாள். ஒரு தாள் நனைந்து பழுதாகி, அழகரத்தினத்திடம் ஏச்சும் வாங்கியிருக்கிறாள். “அந்த மனிசனுக்கு எழுதவும் தெரியும், வாசிக்கவும் தெரியும். தெரியாத ஆளெண்டா எனக்கு இவ்வளவு விசர் வராது,” என்கிறாள்.

கட்டுரைகளைத் தட்டச்சிட்ட பிறகு ஒத்துப் பார்ப்பது வழக்கம். பத்திரிகை நறுக்கைக் கையில் வைத்து அவள் உரக்க வாசிப்பாள். அழகரத்தினம் கொம்பியூட்டர் திரையில் பார்த்துத் திருத்துவார். இரண்டாம் நாள் வந்தது சித்தி நபீஸாவின் நாவலைப் பற்றிய கட்டுரை. நபீஸா ஏறாவூர்க்காரி. வீட்டிலிருந்து அபாயா தைப்பவள். அவள் எழுதிய ஒரே நாவல் இதே மேசையில் கட்டியதுதான். உதயரூபனின் கட்டுரை இப்படிப் போயிற்று:

‘அறுபத்து நான்காம் பக்கத்தில் மண்வெட்டியோடு வயல் வட்டைக்குப் போகிறான் கணவன். அடுத்து எண்பத்தோராம் பக்கத்தில் மனைவி கைம்பெண்ணாய் இத்தா இருக்கிறாள். இடையில் ஒரு மனிதன் செத்திருக்கிறான். அந்தச் சாவை எழுத இவருக்குத் தெம்பில்லை. சாவைத் தாண்டிப் போகும் எழுத்து இது. அடுப்படியிலிருந்து பார்த்தால் அவ்வளவு தூரம்தான் தெரியும்.’

பிரபலமான வரிகள். ‘சாவைத் தாண்டிப் போகும் எழுத்து’ என்று மேடைகளில் சொன்னார்கள். கம்பஸ் பிள்ளைகள் ஆய்வேட்டில் எழுதினார்கள். அப்படி எழுதிய மூன்று ஆய்வேட்டை அன்னப்பூரணியே தைத்துக் கொடுத்திருக்கிறாள். அவற்றில் எதிலும் பக்க எண் இல்லை. முழுக் கட்டுரையை அன்றுதான் முதன்முதலாக வாசிக்கிறாள்.

வாசித்தவள் நின்றுவிட்டாள்.

“என்ன பூரணி, எழுத்து விளங்கல்லையா?”

“அறுபத்தி நாலு. எம்பத்தொண்டு.” அவளுடைய வலக்கைப் பெருவிரல் காற்றில் ஒரு தாளைத் தள்ளியது. “ஒரு மடிப்பு அண்ணன். நடுவில ஒரு முழு மடிப்பு.”

நாவலின் உயிரே அந்தப் பதினாறு பக்கத்தில்தான் இருந்தது. வட்டைக்குத் தண்ணீர் கட்டப் போனவனை யானை அடித்துவிட்டது, ஆள் மௌத்து என்று சேதி வருகிறது. அடுப்பில் சோறு கொதிக்கிறது. வீடு நிறையச் சனம். அந்த அடுப்பை நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சோறு தீய்ந்து, பானை கருகி, அந்த மணம் மௌத்து வீடு முழுக்கப் பரவுகிறது. நாற்பது நாள் கழித்தும் மனைவியின் தலைமயிரில் அந்த மணம். அதை மடித்த அன்று கரண்டிக் காம்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்கதவால் வெளியே போய் நின்றவள் அன்னப்பூரணி. அவளுடைய சொந்தப் புருசனைப் பாம்பு கடித்த நாளில் அவள் அடுப்பில் இருந்தது கீரை.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. நாவல் தயாரான அன்று அடைமழை. முதல் புத்தகத்தை உதயரூபனுக்குத் தபாலில் அனுப்பிவிடச் சொல்லி நபீஸா கேட்டிருந்தாள். தபால் கந்தோர் மூடக் கால் மணித்தியாலம் இருந்தது. மேசையின் நடுவில் கூரை ஒழுகியபடியால் ஐந்தாம் மடிப்புக் கட்டை மட்டும் தூக்கி யன்னல் திண்டில் வைத்திருந்தாள். அவசரத்தில் மேசையைச் சுற்றி ஒரு தரம் ஓடினாள். மேசையில் இருந்ததை எடுத்தாள். யன்னலில் இருந்ததை எடுக்கவில்லை. தைத்து, அட்டை ஒட்டி, குடையும் பிடிக்காமல் கொண்டுபோய்ப் போட்டாள். மற்றப் புத்தகங்களை அடுத்த நாள் வெயிலில், ஆறுதலாக அடுக்கினாள்.

ஆனாலும் ஞாபகத்தை மட்டும் அவள் நம்பமாட்டாள். குறைப் புத்தகம் திரும்பி வந்தால் சரிபண்ணவென்று ஒவ்வொரு மடிப்பிலும் பத்துக் கூட அடித்து, மிஞ்சியதைப் பெயர் எழுதிக் கட்டி வைப்பாள். நபீஸாவின் கட்டை அவிழ்த்து எண்ணினாள். எல்லா மடிப்பிலும் பத்து. ஐந்தாவதில் பதினொன்று.

“அப்ப பிழை உன்னிலதானே,” என்றார் அழகரத்தினம்.

“ஓம், என்னில. ஆர் இல்லையெண்ட? அதுக்கு எனக்குக் கோவம் வரக்கூடாதா? பக்கத்த விட்டது நான். விட்ட பக்கத்தில ஒண்டும் இல்லையெண்டு எழுதினது ஆரு? அறுபத்தி நாலுக்குப் புறகு எம்பத்தொண்டு வருமா எண்டு ஒண்டாம் வகுப்புப் பிள்ளை கேக்கும். இவர் ரெண்டு எண்ணையும் தன்ட கையால எழுதிப்போட்டு, அதுக்குக் கீழ பொம்பிளைக்குத் தெம்பில்லை எண்டு எழுதியிரிக்கார்.”

“சத்தம் போடாத. புத்தகம் அவர்ட.”

“சத்தம் போடல்ல. நம்பரப் போடுங்க. நான் கதைக்கிறன்.”

அழகரத்தினத்தின் கைத்தொலைபேசியில், குரல் வெளியே கேட்கப் பேசினார்கள்.

“சேர், நான் அச்சகத்தில இருந்து அன்னப்பூரணி. புத்தகம் கட்டுற ஆள்.”

“சொல்லுங்கம்மா. அட்டை வந்திட்டா?”

“அட்டை இல்ல சேர். சித்தி நபீஸாட நாவல். உங்களுக்கு வந்த புத்தகத்தில அறுபத்தஞ்சில இருந்து எம்பது வரைக்கும் இல்ல. வைக்க மறந்தது நான். அந்தப் பக்கத்திலதான் மௌத்து இரிக்கு. இண்டைக்கே அனுப்புறன், வாசிச்சுப் பாத்திட்டு இந்தக் கட்டுரைய மாத்தி எழுதுங்க சேர்.”

மறுபக்கத்தில் சிரிப்புக் கேட்டது. பொல்லாத சிரிப்பு என்று சொல்ல முடியாது. பழகிய சிரிப்பு.

“அம்மா, ஒரு ஆளுக்கு எழுத வருமா வராதா எண்டு எனக்குப் பத்துப் பக்கத்தில தெரியும். நாப்பது வருசமா வாசிக்கிறன்.”

“அப்ப வாசிக்காத பதினாறையும் ஏன் சேர் குறை சொன்ன?”

“நீங்க விமர்சனம் எண்டாத் தகவல் எண்டு நினைக்கிறீங்க. அது ஒரு பார்வை. அந்த வரி இப்ப என்ட வரியுமில்ல. எத்தினை பேர் எடுத்துப் பாவிச்சிட்டாங்க. புத்தகம் மெசினில ஏறப்போற நேரத்தில அதை உருவ ஏலாது.”

“பிழையெண்டாலுமா?”

“அம்மா,” குரலில் இப்போது சிரிப்பு இல்லை, “கட்டுறவங்க கட்டுற வேலையப் பாக்கணும். என்ட புத்தகத்திலயாவது ஒரு பக்கமும் விடாமக் கட்டுங்க. அழகரத்தினம், கேக்குதா? ஒரு பக்கமும் விடுபடக்கூடாது.”

“ஓம் சேர், ஓம் சேர்,” என்றார் அழகரத்தினம்.

ஒரு திருத்தத் துண்டாவது அடித்து உள்ளே வைப்போம் என்று அழகரத்தினத்திடம் அவள் கேட்டுப் பார்த்தாள். எழுதியவர் சம்மதிக்காமல் ஒரு துண்டுக் கடதாசியும் வைக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் கரண்டிக் காம்பு வளைந்துபோயிற்று. கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினாள்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுக்கொண்டு, மிஞ்சிய பதினொரு மடிப்பையும் பையில் வைத்து ஏறாவூருக்கு பஸ் ஏறினாள். நபீஸா தையல் மெசினில் இருந்தாள். நாற்பது தாண்டாத வயது. முன்னறை முழுக்கக் கறுப்புத் துணி.

“வாங்கக்கா. என்ன இந்த வெயிலுக்குள்ள?”

அன்னப்பூரணி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மழை, தபால் கந்தோர், யன்னல், உதயரூபனின் பதில், ஒன்றையும் மறைக்கவில்லை. நபீஸாவின் கால் மெசினை மிதித்துக்கொண்டே இருந்தது. ஓடிய தையல் ஓரம் வரை ஓடி முடிந்தது. நூலை வெட்டினாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

“ஒண்டர வருசம் அக்கா. அந்தக் கட்டுரைய வாசிச்சிட்டு நான் என்ன நெனச்ச தெரியுமா? அவரு அந்தப் பதினாறு பக்கத்தயும் வாசிச்சிருக்காரு, ஆனா அது சாவு எழுதினதா அவருக்குப் படல்ல எண்டு நெனச்ச. அவ்வளவு கேவலமா எழுதியிருக்கன், எழுதின மாதிரியே கணக்கில வரல்ல எண்டு.”

“ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாமே தங்கச்சி.”

“என்னத்தக் கேக்குற? என்ட புருசன் மௌத்தான உங்களுக்கு விளங்கல்லையா எண்டா?” குரல் ஒரேயடியாக ஏறியது. “நீங்களும் என்னக்கா? ஒழுகுற மழைக்கு அவர எடுத்து யன்னல்ல வெச்சீங்க. எடுத்து வெச்ச கைக்குத் திருப்பி எடுக்கத் தெரியாதா?”

அன்னப்பூரணி பதினொரு மடிப்பையும் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். நபீஸா ஏசினாள். நல்லாய் ஏசினாள். பக்கத்து வீட்டு யன்னல் திறந்து மூடியது. இடையில் ஒரு கட்டுக் கடதாசியை இழுத்து மேசையில் போட்டாள். இரண்டாவது நாவல். தொண்ணூறு பக்கம் எழுதி நின்றது. பின்பக்க வெள்ளைகளில் வாடிக்கைக்காரிகளின் அளவுகள் எழுதியிருந்தன. நெஞ்சு நாற்பத்திரண்டு, கை இருபத்திரண்டு, உயரம் ஐம்பத்தாறு. ஒன்றரை வருடத்து அபாயா எல்லாம் அங்கே இருந்தன.

ஏசி முடிந்ததும் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கோபம் ஆறி அல்ல. வீட்டுக்கு வந்தவர்களுக்கு வைப்பதுபோல வைத்தாள். பிறகு பதினொரு மடிப்பையும் இழுத்து, ஒன்றை எடுத்துத் தன்னுடைய தையல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். மிச்சம் பத்தையும் திருப்பித் தள்ளினாள்.

“இது எனக்கு என்னத்துக்கு? அவரு எப்படி மௌத்தான எண்டு எனக்குத் தெரியும். தெரியாதவங்கட கையில குடுங்க.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பத்தையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் அன்னப்பூரணி. நபீஸாவின் புத்தகமும் உதயரூபனின் புத்தகமும் ஒரே அளவு என்பது கைக்கு முதலில் தெரிந்தது. புத்திக்குப் பிறகுதான் தெரிந்தது.

இன்று காலை உதயரூபனின் ஆள் வானோடு வந்து வாசலில் நிற்கிறான். நாளைக்கு வெளியீடு. மேடையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கு முதல் பத்துப் புத்தகம் வேண்டுமாம். பேராசிரியருக்கு ஒன்று, பத்திரிகை ஆசிரியர்களுக்கு மூன்று, நூலகத்துக்கு இரண்டு என்று பெயர்களும் எழுதி அனுப்பியிருக்கிறார். அழகரத்தினம் கொம்பியூட்டர் அறையில் இருந்து இருந்து எட்டிப் பார்க்கிறார். இந்தப் பத்தையும் அடுக்குவதும் தைப்பதும் அட்டை ஒட்டி வெட்டுவதும் பொதி செய்து கையில் கொடுப்பதும் அன்னப்பூரணிதான். வேறு கை படாது.

நபீஸாவைப் பற்றிய கட்டுரை நூற்றொன்பதாம் பக்கத்தில் தொடங்குகிறது. ஏழாவது மடிப்பு முடியும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரி, ‘அந்தச் சாவை எழுத இவருக்குத் தெம்பில்லை’. அதை அப்படிக் கொண்டுவந்து நிறுத்தியது அவள் இல்லை. உதயரூபனே எழுதி, அழகரத்தினமே பக்கம் பிரித்தது. அதற்கு எதிரே நூற்றுப் பதின்மூன்று வரவேண்டும்.

ஒன்பது சுற்று முடிந்துவிட்டது. அடுக்கிய ஒன்பதும் மேசைத் தலைப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. பத்தாவது சுற்றுக்குப் பஞ்சில் விரலைத் தொட்டுக்கொண்டு புறப்பட்டாள். வெளியே வெயில். கூரை ஒழுகவில்லை. அவசரமும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று.

“பூரணி, பக்கம் எல்லாம் சரிதானே?” உள்ளேயிருந்து அழகரத்தினம் கூப்பிட்டார். “காலையிலயும் எடுத்துச் சொன்னவர். ஒண்டும் விடுபடக்கூடாதாம்.”

“ஒண்டும் விடல்ல அண்ணன்.”

ஏழாவது மடிப்பை எடுத்து இடக்கையில் வைத்தாள். எட்டாவதுக்குப் போகாமல் யன்னல் பக்கம் திரும்பினாள். அங்கே காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்திருந்த ஒரே ஒரு மடிப்பு மிச்சம் இருந்தது. கல்லைத் தூக்கிவிட்டு, நூற்றுப் பன்னிரண்டுக்கு எதிரே அறுபத்தைந்தாம் பக்கம் வரும்படி அதை எடுத்து, ஏழாவதின் மேல் வைத்து, கரண்டிக் காம்பால் ஒரு இழுப்பு இழுத்து அழுத்தினாள்.